வெளுக்காத பச்சை

வேலப்பன்சாவடியில் பேத்திக்குச் சீருடைத் துணி எடுக்கப் போனோம். நர்சிங் சேர்ந்திருக்கிறாள். கடைக்காரர் ஒரு பச்சைத் துணியை விரித்து, "கசங்காது, வெளுக்காது, கிழியாது சார். இஸ்திரியே வேணாம்" என்றார்.

"மனுஷங்க போட்டுக்கலாமா?" என்றேன். பேத்தி என் காலை மிதித்தாள்.

ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. துணியின் ஓரத்தைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெயும் புது பிளாஸ்டிக் வாளியும் கலந்தாற்போன்ற வாடை. அது என்னைப் பழைய மே மாதம் ஒன்றில் தள்ளிவிட்டது.

அப்போது ஆவடிக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் துணிப் பரிசோதகன். ஒரு துணியை இழுத்து, தேய்த்து, வேகவைத்து, வெயிலில் வாட்டி, அதன் ஜாதகத்தையே எழுதிவிடுவேன். மனைவி சரோஜா பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்; டாக்டர் கை நீட்டினால் கருவியை எடுத்துக் கொடுப்பவள். அந்த அறையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவள் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் சோறு ஆறிப்போகும்.

அந்தக் கோடையில் ஆஸ்பத்திரி நிர்வாகம் பருத்திச் சீருடையை நிறுத்திவிட்டு பச்சை பாலியஸ்டர் கொடுத்தது. நீடித்து உழைக்குமாம். உள்ளே இருப்பவள் நீடித்து உழைப்பாளா என்பதற்குப் பரிசோதனை ஏது? வாரம் திரும்புமுன் கழுத்து, இடுப்பு, அக்குள் எல்லாம் புண். வேலை முடிந்து வந்தால் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

"ஊருக்கெல்லாம் துணி பாஸ் பண்றீங்க. எனக்கு ஒண்ணு கிடைக்காதாங்க?"

பருத்தியில் தைத்துக்கொள்ள மேட்ரன் சம்மதித்தார். நிறம் மட்டும் மற்றவர்களுடையது போலவே இருக்க வேண்டும். வெள்ளைப் பருத்தி வாங்கினேன். ஆஸ்பத்திரிச் சலவையின் கொதிநீரையும் பிளீச்சையும் தாங்கும் சாயம் எது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதைப் போட்டுத் தரச் சொன்னதும் மண்ணூர்பேட்டை சாயப்பட்டறைக்காரர் சிரித்தார்.

"இன்னா சார், படிச்சவரு நீ. ரெண்டு செட்டுக்கு எவன் பாய்லர் மூட்டுவான்? மொத்தமா லாட்டா கொண்டா, போட்டுத் தரேன்."

லாரி லாரியாகத் துணியைத் திருப்பி அனுப்பியவன் நான். அவர் முன்னால் கைகூப்பினேன். "அழுவாத சார்" என்று சாதாரணச் சாயத்தில் முக்கிக் கொடுத்தார். முதல் சலவையிலேயே வாடின கீரை. அடுத்ததில் அதுவும் இல்லை.

"இது அழுக்கா சுத்தமான்னே தெரியலையேம்மா. பழையபடி பாலியஸ்டரையே போடு" என்றார் மேட்ரன்.

போட்டாள். என் பழைய பனியன்களை வெட்டி உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். புண் சீழ் வைத்தது. சீழ்ப் புண்ணோடு யாரும் தியேட்டருக்குள் போகக் கூடாது. சரியான விதிதான், என்னை எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அவளை வாசலில் சீட்டு கொடுக்க உட்கார வைத்தார்கள். அங்கே புடவை. புண் ஆறிவிட்டது. அதற்குள் தியேட்டருக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். அவளுக்கு பாலியஸ்டர் ஒத்துக்கொண்டது.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இன்று கார் கழுவுகிறார்கள். எங்கள் குவார்ட்டர்ஸை இடித்தாகிவிட்டது. கட்டிடங்கள் போகட்டும். அந்த நாட்களில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினால், நான் கேட்குமுன்பே ஸ்க்ரூ டிரைவர் உள்ளங்கையில் பட்டென்று வந்து விழும், பிடி என் பக்கமாக. சரோஜா என் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். சீட்டு கொடுக்கப் போன பிறகு அது நின்றுவிட்டது. இப்போது கையை நீட்டினால், "என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க" என்கிறாள்.