மகளின் எம்.பி.ஏ.வும் மூன்று பேர் கமிட்டியும்

எம்.பி.ஏ. படிக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்களிடையே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அது எனக்குச் சேர வேண்டிய பெயர் அல்ல. அதை எழுதிவிடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்தேன். அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. ஒரு கண்ணாடிக் குடுவை வாங்கவும் கமிட்டி கூடும். மூன்று கொட்டேஷன் வரும். ஒப்பிட்டுப் பார்த்துக் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போகும். குடுவை மறுநாளே விரிசல் விட்டால் யார்மீதும் குற்றமில்லை. இந்த ஏற்பாட்டில் என் வேலைக்காலம் முழுவதும் நிம்மதியாகக் கழிந்தது.

இரண்டாயிரத்து ஏழில் என் மகள் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தாள். நல்ல சம்பளம், வாசலுக்கே கார் வரும். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், வட நாட்டுக் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னாள்.

"வேலையை விட்டுடறேன்பா. பாங்க் லோனுக்கு உங்க கையெழுத்து மட்டும் வேணும். மாசக் கடைசிக்குள்ள."

பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. போடலாம் என்றும் தோன்றியது, கூடாது என்றும் தோன்றியது. "யோசிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கமிட்டியைக் கூட்டினேன்.

நான் தலைவர். அடுத்த பிளாக்கிலிருந்த வேதியியல் நண்பர் ஓர் உறுப்பினர். இன்னொருவர் எங்கள் கொள்முதல் பிரிவு அதிகாரி. தலைமுறை தலைமுறையாகப் போவன்பள்ளிப் பக்கம் இருக்கும் தமிழர், பேச்சில் ஊர் உருது கலந்து வரும். மூவரில் ஒருவரும் எம்.பி.ஏ. படித்தவரில்லை. மனைவி வெங்காய பஜ்ஜி போட்டாள். மகளைக் கூடத்துக்கு அழைத்து எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

கொள்முதல் அதிகாரி பஜ்ஜியைக் கீழே வைத்தார். "ஒரே காலேஜா? சிங்கிள் டெண்டர் நக்கோ சார், வேணவே வேணாம்! ஆடிட்ல கிழிச்சுடுவாங்க."

"யாரு அங்கிள் ஆடிட் பண்ணப் போறாங்க? அம்மாவா?" என்றாள் மகள்.

"என்னை ஏண்டி இழுக்கிறே?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. "அவர் சொல்றதுல நியாயம் இருக்கும்மா. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் ரெண்டு வேணும்" என்றேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு கொட்டேஷன் வந்துவிட்டன. அதிகாரியே அலைந்து வாங்கி வந்திருந்தார். ஒன்று அமீர்பேட்டையில் மாலைநேர வகுப்பு. மற்றொன்று தில்சுக்நகரில் ஒரு பேக்கரியின் மாடியில் நடந்த கல்லூரி. மூன்றையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டோம். கட்டணத்தில் பேக்கரி மாடிதான் மிகக் குறைவு.

"விதிப்படி ஆர்டர் இவங்களுக்குத்தான் போகணும்" என்றார் அதிகாரி, சற்று வருத்தத்துடன்.

"அப்போ நான் கேக் கடை மாடியில போய் உக்காரணுமா?"

"அப்படி இல்லம்மா" என்றார் வேதியியல் நண்பர். "குறைஞ்ச விலையை ஒதுக்கணும்னா காரணம் எழுதணும். அதுக்கு இன்னொரு சிட்டிங் போட்டா ஆச்சு."

"அப்பா, இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு."

"தெரியும்மா" என்றேன்.

அந்த மூன்றாவது கூட்டம் நடக்கவேயில்லை. வேதியியல் நண்பர் அலுவலக வேலையாக டெல்லி போய்விட்டார். இருவர் மட்டும் என்றால் கோரம் இல்லை, கூட்டம் நடத்துவது முறையல்ல என்றார் அதிகாரி. நானும் தலையாட்டினேன். மகள் தினமும் இரவுச் சாப்பாட்டின்போது என் முகத்தைப் பார்ப்பாள். நான் ரசத்தைப் பார்ப்பேன். கெடு முடிந்த மறுநாளும் வாசலில் கார் வந்தது, ஏறிப் போனாள். அதன்பின் அவள் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தன. எம்.பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் வீடு திரும்பிய பிள்ளைகளைப் பற்றி எங்கள் காலனியில் பேச்சு வந்தபோது, என்னைப் பற்றியும் பேச்சு வந்தது. இந்த மனுஷன் முன்கூட்டியே கணித்துப் பெண்ணைத் தடுத்திருக்கிறார் என்றார்கள். நான் மறுக்கவில்லை. பிறகு ஆலோசனை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்காகப் பொருளாதாரப் பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். அதைப் பிரித்து முன்னால் போட்டுக்கொண்டு பேசுவேன்.

ஒரு ஞாயிறு திருமுல்கேரியிலிருந்து ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்.

"உங்க பொண்ணை எப்படி சார் நிறுத்தினீங்க? இவளும் எம்.பி.ஏ. எம்.பி.ஏ.ன்னு பிடிவாதம் பிடிக்கிறா."

உலகச் சந்தையின் போக்கு என்று ஆரம்பித்தேன். மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா நிறுத்தல அங்கிள். கோரம் கிடைக்கல, அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையை மடித்தேன். மகள் அந்தப் பெண்ணிடம், "உனக்குப் போகணுமா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்போ போ. வேலை கிடைக்கலேன்னா உன்னையே திட்டிக்கலாம். எனக்கு யாரைத் திட்டறதுன்னே தெரியல. மூணு பேர் இருந்தாங்க, மூணு பேரும் நல்லவங்க."

அவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"மூணு பேர் இல்லம்மா. நான் மட்டும்தான். கையெழுத்துப் போடறதுக்குக் கமிட்டி எதுக்கு? ஏதாவது தப்பாப் போனா என் தலையில விழுமேன்னு பயம்" என்றேன்.

மகள் துண்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு திட்டத் தொடங்கினாள். இந்த ஊர்ப் பள்ளிகளில் வளர்ந்தவள். கோபம் மிஞ்சினால் தெலுங்குதான் வரும். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிக்கு அர்த்தம் கேட்கவில்லை. அவள் ஓயும்வரை நின்றுகொண்டே கேட்டேன்.