போகாத வேலைக்கு ராஜினாமா

வேலை கேட்டுப் போனவளிடம் ஜாதகம் ஒன்றைத்தான் யாரும் கேட்கவில்லை. ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட், கேன்சல் செக் எல்லாம் கேட்டாயிற்று. ஆள் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களுக்கே தெரியாத நிலையிலேயே, 'முதலில் அனுப்புங்கள்' என்பார்கள். ஊரைவிட்டு வடக்கே வந்து வாகட்டில் குடியிருக்கும் சியாமளாவுக்கு வயது நாற்பத்தாறு. மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருந்தவள், ஆள்குறைப்பில் வெளியே வந்து பதினாலு மாசம். ஆரம்பத்தில் ஒவ்வொரு நகலிலும் 'இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தாள். சுத்தமான நகல் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவது? எழுதுவதை விட்டுவிட்டாள்.

ஒருவழியாக அதே நகரத்தில் கராடிப் பக்கம் ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அங்கே ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கும் சுஷ்மா போன் செய்தாள்.

"மேடம், போன வருஷம் அஞ்சு மாசம் வேற இடத்துல வேலை பார்த்திருக்கீங்க. உங்க பிஎஃப் பதிவுல இருக்கு. எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே."

கம்பெனி பெயரைச் சொன்ன பிறகும் சியாமளாவுக்கு யோசித்துத்தான் ஞாபகம் வந்தது. ஏரவாடா பக்கம், மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். நேர்காணல் என்று கூப்பிட்டு நாற்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். ஆதாரும் பானும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, ஏதோ டெண்டருக்கு இத்தனை ஊழியர் என்று காட்ட வேண்டியிருந்ததாம். அந்த நகல்களை வைத்து இவளையும் சேர்த்துக் காட்டிவிட்டார்கள். அட பாவிகளா, வேலைதான் கொடுக்கவில்லை, பேரையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

"நான் அங்க வேலையே பார்க்கலை."

"இருக்கலாம் மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்ககிட்ட ரிலீவிங் லெட்டர் வாங்கிக் குடுங்க. இல்லேன்னா ஆஃபர் ரத்தாயிடும்."

சுஷ்மா கெட்டவள் இல்லை. அவளுக்கும் மேலே யாரோ கேட்பார்கள். போலீஸுக்குப் போகலாம், பிஎஃப் ஆபீஸில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கெல்லாம் நாள் வேண்டும்.

வியாழக்கிழமை ரிக்ஷா பிடித்து ஏரவாடா போனாள். மேனேஜர் ரமேஷ் டீ வரவழைத்தான். முகத்தில் வெட்கம் என்று ஒரு பொட்டு இல்லை.

"தப்பு நடந்துபோச்சு மேடம், லெட்டர் தர்றேன். ஆனா நீங்க ராஜினாமா பண்ணாம நான் எப்படி உங்களை விடுவிக்கிறது?" என்று இந்தியில் கேட்டு, ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தெரிந்தவள்தான் சியாமளா. கேட்க உடம்பில் தெம்பில்லை. வெளியே வந்து, சாக்கன் பக்கம் தொழிற்சாலை வேலையில் இருந்த வீட்டுக்காரர் ஜம்புநாதனுக்குப் போன் போட்டாள்.

"எழுதிக் குடுத்துரு கண்ணு. கை தேஞ்சா போயிரும்?"

"எழுதுனா நான் மறைச்சது நெசம்னு ஆயிருமுங்க."

"எழுதலீன்னா வேலை போயிருமே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் எத்தன நாளைக்குத்தான் ஓவர்டைம் பாக்கறது, சொல்லு."

குறையாகச் சொல்லவில்லை அவர். உள்ளே போய் எழுதினாள். பதினாலு மாசமாக வேலை வேலை என்று அலைந்தவள், பார்க்காத வேலையை ராஜினாமா செய்தாள். ரமேஷ் அங்கேயே லெட்டர் அடித்துக் கொடுத்தான். 'ஐந்து மாதமும் இவருடைய பணி மிகவும் திருப்திகரமாக இருந்தது' என்று அதில் போட்டிருந்தது. இந்தப் பதினாலு மாசத்தில் அவளை நல்லவிதமாகச் சொல்லி வந்த காகிதம் அது ஒன்றுதான். திரும்பி வரும்போது ரிக்ஷாவில் அழுதாள். பிறகு சுஷ்மாவுக்கு, 'சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று ஒரு வரி எழுதி, லெட்டரையும் சேர்த்து அனுப்பினாள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் கேட்டாயிற்று.

திங்கட்கிழமை சேர்ந்தாள். முன்பு பார்த்த வேலைகளை, கடைசி வேலையிலிருந்து தொடங்கி நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் உழைத்த கம்பெனி இரண்டாவது வரிக்குப் போயிற்று. முதல் வரியில் ஏரவாடா ஆபீஸின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். 'விலகிய காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

சுஷ்மா எட்டிப் பார்த்தாள். "சொந்தக் காரணம்னு போடுங்க மேடம். எல்லாரும் அதான் போடுவாங்க."

போட்டாள்.