டிங்கர் ஷெட் பூட்டிக் கிடந்ததாக நான் சொன்ன ஏழு மாசம்

எங்கள் ஒர்க்ஷாப் சங்கத்து மலருக்கு என் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுத நிறைய இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு இந்த மெயின் ரோட்டில் ஒரே நேரத்தில் நாலு காரைத் தூக்கி நிறுத்துகிற ஒர்க்ஷாப் என்னுடையது ஒன்றுதான். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். படித்துவிட்டு வந்த பையன்கள் கம்ப்யூட்டரை மாட்டி அரை மணி நேரம் பார்த்துவிட்டு, நான் சொன்னதையே திருப்பிச் சொல்லுவார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் இந்தத் தடவை டிங்கரைப் பற்றி எழுதுகிறேன்.

என் சுவரை ஒட்டினாற்போல் பன்னிரண்டு அடி அகலத்தில் தகர ஷெட் ஒன்று இருந்ததே, அது அவனுடையது. அடிபட்டு உள்ளே போன கதவு, பானட், மட்கார்டு எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்துவான். பெயின்ட் வேலை தொடமாட்டான், அதை என்னிடம் அனுப்பிவிடுவான். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் கையில் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, அடிபட்டுக் குழிந்த சொட்டையைத் தடவிப் பார்ப்பான். அவன் பெண்டாட்டி ஒரு தடவை சாப்பாடு கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, "இருபது வருஷத்துல என் கன்னத்த இப்படி ஒரு நாள் தடவியிருப்பாரான்னு கேளுங்கண்ணே" என்றாள். அவன் கண்ணைத் திறக்காமலே, "உன் கன்னத்துல எங்க இருக்கு சொட்டை?" என்றான். அவன் பேசியது அவ்வளவுதான். பேசுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டிருந்தான்.

அப்புறம் நகராட்சியில் புது விதி வந்தது. மெயின் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்தால் ரோட்டிலிருந்து இருபது அடி உள்ளே தள்ளி இருக்க வேண்டும், வேலையெல்லாம் கூரைக்குள் நடக்க வேண்டும், வண்டி நடைபாதையில் நிற்கக் கூடாது. எனக்கு முப்பதடி இருந்தது. டிங்கருக்கு மூன்றடி. அவனிடம் வருகிற காரின் மூக்கு ஷெட்டுக்குள் இருந்தால் வால் நடைபாதையில் இருக்கும். ஆனால் பழைய கடைகளுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். விதி வருவதற்கு முன்னாலிருந்து தொடர்ந்து நடந்துவருகிற கடை அப்படியே நடக்கலாம். ஆறு மாசம் சேர்ந்தாற்போல் மூடிக் கிடந்தால் சலுகை போய்விடும். மறுபடி திறந்தால் அது புதுக் கடை, புது விதி.

அந்த வருஷம்தான் அவன் பெண்டாட்டிக்கு இடுப்பில் ஆபரேஷன். எழுந்து நடக்க ஏழு மாசம் ஆயிற்று. அந்த ஏழு மாசமும் அவன் விடியற்காலையில் வந்து, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, ஒன்பது மணி வரைக்கும் தட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுவான். ரோட்டில் போகிறவர்களுக்குக் கடை மூடியிருப்பதுபோல் இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தினமும் சத்தம் கேட்டது. அவனால் முடியாத பெரிய வேலை நாலு வண்டி, அதை மட்டும் என் ஆட்களை விட்டு முடித்துக் கொடுத்தேன்.

அந்த ஏழு மாசம் முடிந்த பிறகு, புது விதிப்படி அளவெடுக்க இன்ஸ்பெக்டர் வந்தார். என் முப்பதடியை டேப் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரோட்டுலயே உங்க இடம்தான் சார் ஒழுங்கா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

"ஒழுங்கு மட்டும் இல்ல சார். பக்கத்து ஷெட்டுல வீட்டம்மாவுக்கு முடியாம ஏழு மாசம் பூட்டுத் திறக்கல. அவனோட அத்தன வண்டியையும் நான்தான் இழுத்துப் போட்டு முடிச்சுக் கொடுத்தேன். ஒரு வாடிக்கையாளர்கூட அவன விட்டுப் போகல."

"ஏழு மாசமா?"

"முழுசா ஏழு. எழுதிக்குங்க சார்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துக் கேட்டார், போட்டேன். நல்ல பேர் எடுக்கிற காகிதம் என்றுதான் நினைத்தேன்; அந்த ஆறு மாசக் கணக்கு அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து டிங்கர் ஒரு நோட்டீஸோடு வந்தான். "படிங்கண்ணே" என்றான். எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க எனக்கு உள்ளே ஒவ்வொன்றாகக் கழன்றது. ஆறு மாதத்துக்கு மேல் தொழில் நடைபெறாததால் சலுகை ரத்து, விசாரணைக்கு வரவும்.

"யாருண்ணே சொல்லியிருப்பா?"

"எவனாச்சும் பொறாமை பிடிச்சவனா இருப்பான்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் பெண்டாட்டி தட்டை வைத்துவிட்டு, "அந்த எவனாச்சுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்றாள்.

அவன் கையில் சாட்சி என்று ஒன்றும் இல்லை. கரண்ட் பில் காட்டலாம் என்றால், சுத்தியலுக்கு ஏது கரண்ட்? ரசீது எழுதுகிற பழக்கமும் கிடையாது. அந்தச் சத்தத்தைக் கேட்ட ஒரே ஆள் நான்.

விசாரணைக்கு நம் சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஏழு மாசக் கதையை அதற்குள் மூன்று கூட்டத்தில் உங்களிடம் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது கூட்டத்தில் கைதட்டினீர்கள். அதிகாரி என்னைப் பார்த்து, "பக்கத்துக் கடை நீங்கதானே? உங்க வாக்குமூலம் இருக்கு. அந்த ஏழு மாசத்துல அங்க ஏதாவது வேலை நடந்துச்சா?" என்று கேட்டார். தெளிவாகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நான் புளுகினவன் என்று பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

"சொன்னது சொன்னதுதான் சார்" என்றேன்.

டிங்கர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள். ஒர்க்ஷாப்புகளுக்கென்று ஊருக்கு வெளியே ஒதுக்கின இடத்தில் அவனுக்கு ஒரு கடை கொடுத்தார்கள். இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். நான் இரண்டு மாசம் தூங்காமல் கிடந்துவிட்டு, உண்மையைச் சொல்லலாம் என்று நகராட்சிக்குப் போனேன். "மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் பெரியவரே, முடிஞ்சு போச்சு" என்றார்கள். அங்கிருந்து நேராக அவனிடம் போனேன்.

புது இடம் நல்ல இடம். உயரமான கூரை, சிமென்ட் தரை, முன்னால் நாற்பதடி காலி. வண்டிதான் ஒன்றே ஒன்று நின்றது. கதவைக் கழற்றிப் பலகைமேல் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றான். "நோட்டீஸுக்குப் பதில் குடுக்கப் போனப்பவே உங்க கையெழுத்தக் காட்டினாங்களே."

"விசாரணைக்கு முன்னாடியேவா? அப்புறம் ஏன்டா அங்க வாயத் தொறக்கல?"

"நீங்க எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவீங்க. அதனால என்ன, கேட்டா சரியாச் சொல்லிருவீங்கன்னு இருந்தேன். அத்தன பேர் முன்னாடி நான் எந்திரிச்சு, அண்ணன் சொல்றது பொய்னு எப்படிச் சொல்றது?"

"இப்பச் சொல்றேன்டா. சங்கத்துல எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதியே குடுக்கறேன்."

"எழுதுங்க" என்றான். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினான். நான் அங்கேயே நின்றேன். அவன் தடவி முடித்து, மறுபடி தட்ட ஆரம்பித்த பிறகும் என் பக்கம் திரும்பவில்லை.