ஓடெட்டின் வெளிநாட்டு மாத்திரை

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், கனடா எல்லையிலுள்ள எங்கள் ஊர் மருந்தாலையில் இருபது வருடம் இதய மாத்திரையை டப்பாவில் அடைத்தவள் ஓடெட். ஓய்வு பெற்றபின் அதே மாத்திரையை இங்கே வாங்கக் கட்டுப்படியாகாமல், பாலம் தாண்டி கனடாக் கடையில் கால் விலைக்கு வாங்கினாள். எங்கள் ஊராருக்கு வெளிநாட்டு மருந்து விற்க அந்தக் கடைக்கு உரிமம் தரலாமா என்று ஊர்மன்றத்தில் விசாரணை நடந்தது. மறுத்தால் அவள் இதயம் அம்போதான்.

"வெளிநாட்டு மருந்து, எவன் செஞ்சானோ!" என்றார் அதிகாரி.

"நான் அடைச்சதுதான் தம்பி. டப்பா அடியில நம்ம ஊர் பேரு இருக்கு, கண்ணாடி போட்டுப் படிங்க."

படித்தவருக்கு வியர்த்த வியர்வையில் மன்றத்துக் கணப்பே அணைந்தது. "அப்ப இது உள்நாட்டுச் சரக்கும்மா. வெளிநாட்டுச் சரக்குக்குத்தானே உரிமம், இதுக்கு எதுக்கு?"

"சரி, நம்ம ஊர்க் கடையையே இந்த விலைக்குத் தரச் சொல்லுங்க."

முன்வரிசையிலிருந்த உள்ளூர் மருந்துக்கடைக்காரர் துள்ளியெழுந்தார். "ஐயோ, அது வெளிநாடுதாங்க! சுத்தமான வெளிநாடு!"

உரிமம் அன்றே கையெழுத்தானது.