சவரியம்மாளுக்கு ஏழு கன்று

சவரியம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. என்மேல் எனக்கே வரும் கோபமும் அதில் சேர்த்தி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் எங்கள் குப்பம். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். பக்கத்து வீடு சவரியம்மாளுடையது. கருவாட்டுக் கூடையோடு முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். புருஷன் கடலோடு போய்ப் பல வருஷம். ஓட்டு வீடும் அதன் பின்னால் ஒரு கிணறும்தான் அவருக்கு இருந்தவை. சித்திரையிலும் வற்றாத நல்ல தண்ணீர். தெருவே அங்கேதான் மொண்டு குடித்தது.

தொண்ணூற்று மூன்றில் இருதயராஜ் கழியோரம் இறால் பண்ணை போட்டார். கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டிக் கொடுத்தவர், ஞாயிறு பூசையில் முதல் பெஞ்சு அவருக்குத்தான். மோட்டார் வைத்துக் கடல் தண்ணீரை இறைத்துக் குட்டைகளில் தேக்கினார். இரண்டே வருஷத்தில் கிணறு உப்புக் கரித்தது. சவரியம்மாள் போய்க் கேட்டபோது, "கடலோரம்னா உப்புதான் இருக்கும். இன்னா புதுசா கேக்கற?" என்றார். அதற்குப் பிறகு தெருவே ஒரு மைல் நடந்து பஞ்சாயத்துக் குழாயில் குடம் பிடித்தது. எவ்வளவு திமிர் இருந்தால் அப்படிச் சொல்ல வாய் வரும்!

தொண்ணூற்றாறில் புதுப் பங்குசாமியார் வந்தார். நல்ல மனுஷர், மரம் என்றால் உயிர். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து முதல் ஞாயிறு பிரசங்கத்திலேயே அறிவித்துவிட்டார்: சாமியார் காதில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்களுக்கு அபராதமாக இனிமேல் மூன்று அருள் நிறை மந்திரம் கிடையாது, பாவத்துக்குத் தக்கபடி மரக்கன்று. பூமியைக் காப்பதும் ஜெபம்தான். நட்ட கன்று துளிர் விட்டால்தான் அபராதம் தீர்ந்தது. நாங்களும் ஆஹா என்றோம்.

ஜெபம் என்றால் மூலையில் முட்டி போட்டு முணுமுணுத்துவிட்டுப் போகலாம், எத்தனை என்று யாருக்குத் தெரியும்? கன்றை எங்கே ஒளிப்பது? சாமியார் சொன்ன எண்ணிக்கையைச் சொல்லி, கோயில் வாசலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் வேப்பங்கன்று வாங்கிக்கொண்டு தெரு வழியாக நடக்க வேண்டும். அது அந்தச் சாமியாருக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு இரண்டு கன்று. ஏன் என்று கேட்காதீர்கள். இருதயராஜுக்கு ஒன்று. அதை நடுவதற்கு ஒரு போட்டோகிராபரும் வந்தார். சவரியம்மாள் கூடை நிறைய ஏழு கன்றோடு வந்தார்.

"ஏழா? இன்னாத்த பண்ணிச்சி இந்தம்மா?" என்று எதிர்வீட்டுக்காரி பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். "செங்கல்பட்டுல யாராவது கீறாங்களா?"

நானும் சிரித்தேன். படித்தவள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறவள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏழையும் வேலியோரம் நட்டார். கிணற்றுத் தண்ணீர் ஊற்றியதில் இலை நுனி கருகியது. ஒரு மைல் சுமந்துவந்த குடிதண்ணீரில் பாதியை ஊற்றிப் பார்த்தார். அதற்குள் மண்ணே உப்பேறிப் போயிருந்தது. ஈஸ்டருக்குள் ஏழும் குச்சியாகிவிட்டன. ஈஸ்டர் பூசையில் எல்லோரும் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போக, அவர் மட்டும் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஊருக்கு இது போதாதா? பேச்சு இரட்டிப்பானது.

"சாமிகிட்ட போய்ச் சொல்லேன்க்கா" என்றேன்.

"சாமி சொன்னது சொன்னதுதான டீச்சரு? செடி துளுக்கல. நான் எப்டி போய் நாக்க நீட்டறது?"

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனி எங்கள் தெருவின் முறை. நாங்கள் பழத்தட்டும் பூவும் எடுத்துப் போனோம். சவரியம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தார். பீடத்துக்கு முன்னால் இறக்கி வைத்தார்.

"என்னம்மா இது?" என்று சாமியார் கேட்டார்.

"எங்கூட்டுக் கெணத்துத் தண்ணி சாமி. ஒரு வாய் குடிங்க."

பக்தி என்று நினைத்து அவர் உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். முகம் கோணியது. பீடத்தின் முன் துப்பவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"இத்த ஊத்தித்தான் ஏழு செடியும் வெச்சேன்" என்றார் சவரியம்மாள். குரல் நடுங்கவேயில்லை. "நான் இன்னா பாவம் பண்ணேன்னு தெரு பூரா கேட்டுகினு கீது. நானே சொல்லிடறேன். எங்கெணத்தக் கெடுத்தவனத் தெனம் திட்டனேன். வாரத்துக்கு ஏழு நாளு, ஏழு செடி குடுத்தீங்க. கெடுத்தவனுக்கு ஒண்ணு."

கோயிலே முதல் பெஞ்சைப் பார்த்தது. இருதயராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பழத்தட்டைப் பார்த்தேன்.

சாமியாரைச் சும்மா குறை சொல்லக்கூடாது. அன்று நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும் அவரே இறங்கி வந்து முதலில் சவரியம்மாளுக்குக் கொடுத்தார். இனி ஏதோ நடக்கப்போகிறது, பண்ணைக்கு ஒரு வழி பிறக்கும் என்று நம்பினேன். அடுத்த ஞாயிறு அறிவிப்பு வந்தது: மரக்கன்றுத் திட்டம் நிறுத்தப்படுகிறது, பழையபடி மூன்று அருள் நிறை மந்திரம். பண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்கு வெட்கம் வந்த இடத்தைத்தான் சரிசெய்தார்கள், தண்ணீர் கெட்ட இடத்தை யாரும் தொடவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் கழிப்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

மறுவருஷம் தபசு காலத்தில், சவரியம்மாள் பாவசங்கீர்த்தனம் முடித்து வெறுங்கையோடு வெளியே வந்தார். இருவரும் சேர்ந்து நடந்தோம்.

"இருதயராஜ இன்னும் திட்டறியாக்கா?"

"தெனம்."

"சாமிகிட்ட சொன்னியா?"

சவரியம்மாள் நின்று என்னைப் பார்த்தார்.

"எதுக்கு டீச்சரு? அது இன்னா பாவமா?"