நெத்திலிக்கு ஒதுங்கி நான் விழுந்தேன்

தினமும் சைக்கிளில்தான் பழவேற்காட்டுத் தையல் கடைக்கு வேலைக்குப் போகிறேன். எங்கள் குப்பத்தில் பாதி ரோட்டை அடைத்து நெத்திலி காயப் போடுவார்கள். சாப்பிடுகிற மீனை மிதிக்கலாமா என்று எல்லோரும் நடுரோட்டுக்குப் போய்த்தான் சுற்றி வருவோம். போன மாதம் அப்படிப் போனபோது, எதிரே வந்த கார் ஹேண்டில்பாரை உரசிவிட்டது. நெத்திலி மேலேயே விழுந்தேன்.

"நடுரோட்டுல இன்னாம்மா வேலை உனக்கு?" என்று கத்திவிட்டு டிரைவர் போய்விட்டார். மீன் காயப் போட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன்.

"சீக்கிரம் எந்திரிடி, மீனெல்லாம் நசுங்குது" என்றார்.

இப்போதெல்லாம் நான் ஒதுங்குவதில்லை. ரோட்டோரமாக, மீன் மேலேயே ஓட்டுகிறேன். இரண்டு நாள் திட்டினார்கள். இப்போது என் மணிச் சத்தம் கேட்டாலே அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்து, மீனைத் தள்ளி வழிவிடுகிறார்.