வெள்ளித்தாள் ராணி

யாம்போல் நகரத்து ஜாம் தொழிற்சாலையில் பாட்டில்களுக்கு மூடி போடும் பிரிவில் வேலை பார்த்தவள் மால்வினா. நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு. சிறுமியாக இருந்தபோது இரண்டு வருடம் பாலே கற்றதை எங்களில் யாரிடமும் அவள் சொன்னதில்லை.

எங்கள் நாட்டவன் ஒருவன் விண்வெளிக்குப் போய்வந்த வருடம் அது. தொழிற்சாலையின் சினிமா குழுவுக்கும் விண்வெளிப் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. குழு என்றால் மெக்கானிக் பிளாமென், அவனுடைய கேமரா, பிறகு நாங்கள் ஏழெட்டுப் பேர். தெரியாத கிரகத்தில் ராக்கெட் இறங்குகிறது. அங்கிருப்பவர்கள் பேசுவதில்லை, ஆடுகிறார்கள். நாங்கள் வடிதட்டுகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோமாளிகளாகக் குதித்தோம். கிரகத்து ராணியாக ஆட மால்வினாவைக் கூப்பிட்டான் பிளாமென்.

"நானா? இந்த உடம்பை வச்சுக்கிட்டா?"

"ராணின்னா இப்படித்தான் இருக்கணும்க்கா. நீங்க சேட்டை எதுவும் பண்ண வேணாம். மனசுல இருக்கறத அப்படியே ஆடுங்க."

மற்றவர்களைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள், ராணி வேறு என்று அவள் நம்பினாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். ஊருக்கு வெளியே கல்குவாரியில், வெள்ளித்தாள் சுற்றிய உடையில் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஆடியபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பிளாமென் படத்தை வெட்டி ஒட்டினான். எங்களிடமும் அவன் காட்டவில்லை.

கலாசார மன்றத்தில் திரையிட்ட அன்று அரங்கு நிறைந்திருந்தது. மால்வினா கூந்தலைப் புதிதாகச் சுருட்டிக்கொண்டு, பேருந்து ஓட்டுநரான கணவர் ஹரலம்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் ராணி வந்தாள். இரட்டை வேகத்தில். அவள் குதித்துத் தரையைத் தொடும்போதெல்லாம் தூரத்தில் நின்ற ராக்கெட்டும் துள்ளியது. கடைசிக் குதியில் கவிழ்ந்தே போனது. கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதை புரையேறும் அளவுக்குச் சனம் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் ஹரலம்பிதான். பக்கத்தில் திரும்பியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சிரிங்க. ஊரே சிரிக்குதே, உங்களுக்கென்ன?" என்றாள் மால்வினா.

மறுநாள் அவள் போகும் வழியில் பெட்டி தூக்குகிறவர்கள் துள்ளிக் காட்டினார்கள். "ஏய், பூமி அதிருது, பிடிச்சுக்கோ!" அவள் கழுத்து வரை சிவந்துபோனாள். அதன்பின் சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவதில்லை. மூடி போடும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றபடி ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தின்றாள்.

ஒரு வாரம் பொறுத்து, குழுவின் அறைக்கு வந்தாள்.

"பிளாமென், நான் ஆடினத ஆடின மாதிரியே போட்டுக் காட்டு."

புரொஜெக்டரை நான்தான் ஓட்டினேன். இசை இல்லை, ராக்கெட் இல்லை. ஒரு பெண்மணி கல்குவாரியில் ஆடுகிறாள். முழங்கால் நடுங்குகிறது. கை தாமதமாகத் திரும்புகிறது. ஒரேயொரு இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தியது அழகாக இருந்தது. அவன் கெடுத்துவிட்டான் என்று நினைத்து வந்தவளுக்கு, கெடுப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்று தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"தப்பு என் மேலதான்க்கா. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்டா. சிரிக்க வைக்கத்தான்னு தெரிஞ்சிருந்தா நானே நல்லா விழுந்து காட்டியிருப்பேன்."

விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று பிளாமென் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

மாவட்டப் போட்டியில் படம் பரிசு பெற்றது. அவள் வரவில்லை. ஆனால் தீயணைப்புப் படையைக் கிண்டல் செய்து அடுத்த படம் எடுத்தபோது, ஏணியில் சிக்கிக்கொள்ளும் குண்டுப் பெண்மணி வேஷத்தைத் தானே கேட்டு வாங்கினாள். அரங்கு அதிர்ந்தது, விதை கொறித்தபடி அவளும் அங்கே இருந்தாள்.

விண்வெளிப் படத்தை மட்டும் அவள் மறுபடி பார்க்கவேயில்லை. மே தினத்தில் சனம் கேட்டு அதைப் போடும்போது, ராக்கெட் தெரிந்ததும் எழுந்துவிடுவாள். ஹரலம்பியும் இரண்டு பேருடைய கோட்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் போவார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேருந்தின் பிரேக் பற்றி ஏதாவது பேச ஆரம்பிப்பார்.